கீபோர்டைத் திறப்பதற்கு முன்: கடலோரப் பள்ளியில் இசையின் அடிப்படையும் ஆர்கெஸ்ட்ரா கருவிகளும்

கேள்வி: பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் பள்ளியில் படித்து இப்போது வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் ஒரு கீபோர்டும், மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா கருவிகளின் படங்கள் அச்சிட்ட ஒரு சுவர்ப்படமும் அனுப்பியிருக்கிறார். வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கித் தரத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசை, அலங்காரம் வரை நான் கற்றிருக்கிறேன். ஆலயப் பாடகர் குழுவிலும் பாடுகிறேன். பிள்ளைகளுக்கு முதலில் சுரம் சொல்லிக்கொடுப்பதா, மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டுக் குறியீட்டைச் சொல்லிக்கொடுப்பதா? செல்லோவையும் ஓபோவையும் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கு அவற்றை எப்படிப் புரியவைப்பது? "இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை மகிழ்வித்தது, நீங்கள் வகுப்பைத் தொடங்குவதற்கு முன்னரே கேட்டிருக்கிறீர்கள் என்பது. முதல் மாதம் முழுவதும் கீபோர்டைத் துணி போட்டு மூடி வையுங்கள். சுவர்ப்படத்தைச் சுருட்டியே வைத்திருங்கள். இரண்டுக்கும் உரிய இடம் பின்னால் வரும். பாறை, நகரை ஆகிய மீன்களைக் கையில் எடுத்துப் பார்த்தே பெயர் சொல்லப் பழகிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மீனைப் படத்தில் காட்டிக் கற்பிக்கவில்லை. இசைக் கருவியும் அப்படித்தான் உள்ளே போக வேண்டும். எது அதிர்ந்து ஒலி பிறக்கிறது, எதை மாற்றினால் ஒலி உயர்கிறது அல்லது தாழ்கிறது என்பதைக் கையாலும் காதாலும் அறிந்த பிள்ளைக்கு, பின்னர் செல்லோ என்ற பெயரைச் சொன்னால் அது தங்கும். பெயரை முதலில் சொன்னால் பரீட்சைக்கு மட்டுமே உதவும்.

தொடக்கம் தாளத்தில் இருக்கட்டும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை உங்கள் பிள்ளைகளில் சிலராவது பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏந்திக்கொள்ளும் அந்தப் பாட்டில், எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் இழுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடமே தாளத்தின் அடி. ஒரு நீளக் கயிற்றைப் பிடித்து வகுப்பு முழுவதும் அந்த அடியில் இழுக்கட்டும்; பிறகு கயிறு இல்லாமல் கையைத் தட்டட்டும்; பிறகு ஒலியே எழுப்பாமல் மனத்துக்குள் எண்ணிச் சரியான இடத்தில் மட்டும் தட்டட்டும். மூன்றாவது படியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஆகவே அங்கே அதிக நாட்கள் செலவிடுங்கள். வேலைப் பாட்டு வேகம் ஏறிக்கொண்டே போகும் இயல்புடையது. வகுப்பில் வேகம் ஏறாமல் நிறுத்திப் பிடிக்கும் பழக்கத்தைத் தனியாகத்தான் ஊட்ட வேண்டும்.

அடி நிலைத்த பிறகு, ஓர் அடிக்குள் எத்தனை ஒலியை அடைக்கலாம் என்பதைச் சொற்கட்டால் காட்டுங்கள். ஓர் அடிக்கு 'தா' என்ற ஒரே சொல், அடுத்து 'தக', அதற்கடுத்து 'தகதிமி'. சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நீங்கள் பாடிப் பழகியிருப்பதால் இது உங்களுக்குப் புதிதன்று. மேற்கத்திய முறையில் ஓர் அடிக்கு ஒலிப்பதைக் குரோட்செட் என்றும், அடிக்கு இரண்டாக வருவதைக் குவேவர் என்றும், நான்காக வருவதைச் செமிகுவேவர் என்றும் சொல்கிறார்கள். இரண்டடி நீள்வது மினிம், நான்கடி நீள்வது செமிபிரீவ். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று), நான்கடி கொண்ட இரண்டு 'பார்'களுக்குச் சமம். 'தகிட' என்று மும்மூன்றாகத் தட்டினால் மூன்றடித் தாளம் கிடைக்கும். இந்தப் பெயர்களை எல்லாம் பிள்ளைகளிடம் உடனே சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சுரமே முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சுரத்தோடு கூடவே 'கட்டை' என்ற கருத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாததால்தான் நம் பிள்ளைகள் பிற்காலத்தில் மேற்கத்திய இசைக்குப் போகும்போது குழம்புகிறார்கள். ச என்பதை யாரும் தம் குரலுக்கு ஏற்ற இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து மற்றச் சுரங்கள் தூரத்தால் அமைகின்றன. கட்டை என்பது கீபோர்டில் நிலையாக உள்ள ஒலியிடம், அது நகராது. ஒரு கட்டை என்றால் கீபோர்டில் 'சி', இரண்டு கட்டை 'டி', ஐந்து கட்டை 'ஜி', ஆறு கட்டை 'ஏ'. கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை என்று போகும். மேடைக்கச்சேரி கேட்கும் எந்தத் தமிழருக்கும் பழக்கமான இந்தக் கணக்கு, மேற்கத்திய எழுத்துப் பெயர்களுக்கு நேரான பாலமாக நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் எல்லாரும் சுருதி சேர்க்கும்போது ஓபோ ஊதித் தருகிற 'ஏ' நம் ஆறு கட்டைதான். இன்று பொதுவாக ஏற்கப்பட்ட அளவின்படி அது விநாடிக்கு 440 அதிர்வு. ஒரு கட்டையை ச-வாகக் கொண்டால் 'ஜி' பஞ்சமம் ஆகும். ஐந்து கட்டையை ச-வாகக் கொண்டாலோ அதே 'ஜி' ச ஆகிவிடும், 'சி' மத்தியமமாகப் போய்விடும். இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு கட்டையில் ச வைத்து ஒரே மெட்டைப் பாடிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

இரண்டாம் மாதத்தில் கீபோர்டைத் திறக்கலாம். வெள்ளைக் கட்டைகளில் தொடங்காதீர்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையை, அதாவது நாலரைக் கட்டையை, ச-வாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் ச ரி க ப த என்ற ஐந்து சுர மோகன ராகம் கிடைக்கும். இந்த ஐந்து சுரங்களுக்குள் அரைச் சுர இடைவெளி எதுவும் இல்லாததால், பிள்ளை எந்த இரண்டைச் சேர்த்து வாசித்தாலும் காதைக் குத்தும் அபசுரம் பிறக்காது; ஒரு பிள்ளை ச-வைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு பிள்ளை தன் விருப்பப்படி ஒரு சிறு மெட்டு அமைக்கலாம். பாடும்போது கத்த விடாதீர்கள். கடற்காற்றில் கூவிப் பழகிய குரல்கள் அவை. மெல்லப் பாடினால்தான் சுருதி சேர்கிறதா என்பது அவர்களுக்கே கேட்கும்.

மோகனம் வாயில் நின்ற பிறகு ம, நி இரண்டையும் சேர்த்துச் சங்கராபரண ராகத்துக்குப் போங்கள். ஒரு கட்டையை ச-வாக வைத்த சங்கராபரணம் வெள்ளைக் கட்டைகள் ஏழும்தான். மேற்கத்தியர் 'சி மேஜர்' என்று சொல்லும் அளவுகோல் அதுவே. குரல் பயிற்சிக்கு நம் மரபில் மாயாமாளவகௌளை ராகமே முதலில் வரும். பாட்டை முறையாகக் கற்கப்போகும் பிள்ளைக்கு அதை மாற்ற நான் சொல்லமாட்டேன். உங்கள் வகுப்பின் நோக்கம் இரண்டு இசை உலகுக்கும் பொதுவான வாசலைத் திறப்பது என்பதால் சங்கராபரணம் பொருந்துகிறது. முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அமைத்த நொட்டுசுவரங்கள் இந்த இடத்தில் பெரிதும் கைகொடுக்கும். அவை சங்கராபரணத்தில் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாமல் நேராக ஓடுபவை, அளவில் சிறியவை, ஐந்து கோட்டில் அப்படியே எழுதக்கூடியவை. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. எனவே ஒரே குடும்பத்தின் கதையாக இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கருவிகளைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் ஊரில் இதற்குக் கிடைக்கும் பொருள்கள் பெருநகரத்துப் பள்ளிகளுக்குக் கிடைக்காதவை. நரம்பு, துளை, தோல், கஞ்சம் (உலோகத் தாளங்கள்) என்று கருவிகளை நம் முன்னோர் வகுத்தார்கள். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் துளைக்கருவிகள் மரத்துளை, பித்தளை என்று இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன, தோலும் கஞ்சமும் தாளக் கருவிகள் என்று ஒன்றாகின்றன. எது அதிர்கிறது என்பதை வைத்தே வகுப்பதால் பிள்ளைகள் இதைத் தாமாகவே கண்டுபிடிக்க முடியும்.

நரம்புக்கு, முக்கால் மீட்டருக்குக் குறையாத ஒரு பலகையும் வீட்டில் கிடக்கும் தங்கூசியும் (நைலான் மீன்பிடி நரம்பு) போதும். தங்கூசியின் ஒரு முனையை ஆணியில் கட்டி, 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரக்கட்டைகளைக் குதிரையாக, அதாவது நரம்பைத் தாங்கும்படி, நிறுத்தி, மறுமுனையைப் பலகையின் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, அதில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டுங்கள். பலகையின் அடியில் காலித் தகர டப்பா ஒன்றை வைத்தால் ஒலி பெருகும். முழு நீளமும் ஒலிப்பதை ச என்று கொண்டால், சரிபாதியான 30 செ.மீ.யில் மேல் ச கேட்கும், 40 செ.மீ.யில் ப, 45-இல் ம, 48-இல் க. பிள்ளைகளே நடுவில் மூன்றாவது மரக்கட்டை ஒன்றை வைத்து நகர்த்தி, காதால் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அளவுகோலால் அளக்கட்டும். அளவைச் சொல்லிவிட்டு ஒலியைத் தேடச் சொல்ல வேண்டாம். அடுத்து எடையை மாற்றுங்கள். அரை லிட்டர் தண்ணீருக்குப் பதிலாக இரண்டு லிட்டர் தொங்கினால், நான்கு மடங்கு இழுவிசையில் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை, உயரும். கடைசியாகத் தடித்த தங்கூசியை மாட்டினால் அதே எடைக்கு ஒலி தாழும். நீளம், இறுக்கம், தடிமன் என்ற இந்த மூன்றும் கைக்குள் வந்த பிறகு, வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ., செல்லோவில் 69 செ.மீ., டபுள் பேஸில் ஒரு மீட்டருக்கும் மேல் என்று சொல்லுங்கள். எது உச்சத்தில் பாடும், எது அடியில் முழங்கும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். குதிரைவால் மயிரில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்த வில், தந்தியைப் பற்றுவதும் விடுவதுமாக அதிரவைத்து நீண்ட ஒலி தருகிறது என்பதை மட்டும் படத்தைக் காட்டி விளக்குங்கள்.

துளைக்கருவிக்குப் பூவரச மரம் பள்ளிக்கு அருகிலேயே நிற்கும். அதன் இலையைச் சுருட்டி, ஒரு முனையைத் தட்டையாக நசுக்கி ஊதும் பீப்பியைச் செய்யத் தெரியாத பிள்ளை அந்தக் கரையில் இருக்கமாட்டான். நசுக்கிய முனையில் இரண்டு இலை ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன. நாதஸ்வரத்தின் சீவாளியில் நடப்பதும் அதுவே. ஓபோவிலும் பாசூனிலும் நடப்பதும் அதுவே. ஓபோவை அவர்கள் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதன் நெருங்கிய உறவைச் சிறுவயது முதல் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். கிளாரினெட்டில் இப்படி அதிர்வது ஒற்றை நாக்கு, அதாவது வாய்ப்பகுதியில் பொருத்திய மெல்லிய நாணல் சீவல். புல்லாங்குழலில் நாக்கே இல்லை. துளையின் விளிம்பில் மோதும் காற்று அதிர்கிறது. இதற்கு அரை அங்குல பிவிசி குழாயைத் துண்டுகளாக வெட்டி அடிப்பக்கத்தை மூடி, வாய்ப்பக்கத்தின் விளிம்பில் ஊதச் செய்யுங்கள். உள் ஆழம் 24 செ.மீ. உள்ள துண்டு ச என்றால், 21.3 ரி, 19.2 க, 16 ப, 14.4 த, 12 மேல் ச. குட்டையான துண்டுகள் கணக்கைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும், ஏனெனில் காற்றின் அதிர்வு குழாயின் வாய்க்கு வெளியேயும் சிறிது நீள்கிறது. உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைத்துக் கீபோர்டின் ச-வோடு சேர்த்துக்கொள்ளட்டும். சுருதி சேர்ப்பது என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வேலையை நான் அறியேன்.

அடுத்த குடும்பமான பித்தளைக் கருவிகளுக்குச் சங்கு. சங்கில் அதிர்வது ஊதுபவரின் உதடுகள். சங்கின் உட்குழல் அந்த அதிர்வைப் பெருக்கி ஒரு சுருதியில் நிறுத்துகிறது. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா ஆகிய நான்கும் இதே வழியில்தான் ஒலிக்கின்றன. டிரம்பெட்டின் குழாயை நீட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும், டிராம்போனுக்கு 2.7 மீட்டர், ஹார்னுக்கு 3.7 மீட்டர் அளவில் வரும். சுருட்டி வைத்திருப்பதால்தான் அவை கையில் அடங்குகின்றன. தண்ணீர்க் குழாய்த் துண்டில் ஒரு புனலைச் செருகி, உதட்டை அதிரவைத்து ஊதினால், குழாய் நீளும்போது ஒலி தாழ்வதைக் காணலாம். ஒருவர் ஊதியதை அடுத்தவர் ஊதுவதற்கு முன் சோப்பு நீரில் கழுவ வேண்டும். சங்கைப் பிறர் காதருகே ஊதக் கூடாது என்பதையும் முதலிலேயே விதியாக்கிவிடுங்கள். பித்தளையால் செய்த சாக்ஸபோன் ஏன் மரத்துளைக் கருவிகளோடு சேர்கிறது என்ற கேள்வியை இந்த இடத்தில் வகுப்பின் முன் வையுங்கள். அதில் அதிர்வது உதடன்று, நாக்கு என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் உங்கள் பாடம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.

தோல்கருவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஈரக்காற்றில் தளர்ந்த பறையைத் தீயில் காய்ச்சி இறுக்குவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆர்கெஸ்ட்ராவின் பெரிய முரசான டிம்பனியில் மிதியை அழுத்தித் தோலை இறுக்குகிறார்கள். மிருதங்கத்தைப் போல அதற்கும் சுருதி உண்டு, பேஸ் டிரம்முக்குக் குறித்த சுருதி இல்லை. ஆலயத் திருவிழாவில் தேர்ப்பவனிக்கு முன் செல்லும் பேண்ட் குழுவில் கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம், பேஸ் டிரம், சிம்பல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பவனி தொடங்குவதற்கு முன் அரைமணி நேரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊதிக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியை அணுகலாம்.

கீபோர்டில் வயலின், ஃபுளூட் என்று எழுதிய பொத்தான்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு அந்தக் கருவிகளை அறிமுகப்படுத்தாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உரசலும், ஊதுபவர் மூச்செடுக்கும் இடைவெளியும் அதில் வராது. முதலில் கேட்ட ஒலியே பிள்ளையின் காதில் அளவுகோலாகப் பதிந்துவிடும். நேரில் கேட்க முடியாதவற்றை நல்ல ஒலிப்பதிவில் கேட்கச் செய்யுங்கள், ஆனால் கைப்பேசியிலேயே ஒலிக்கவிட வேண்டாம். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது; கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அந்த ஆழம் கேட்கவே கேட்காது. பள்ளி விழாவுக்கு வைக்கும் பெரிய ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோக்கோஃபியேவ் 1936-இல் பிள்ளைகளுக்காகவே அமைத்த 'பீட்டரும் ஓநாயும்' இதற்கு ஏற்றது. அதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன், சிறுவன் பீட்டருக்கு நரம்புக்கருவிகள் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி உண்டு. கதையை முதலில் தமிழில் நீங்களே சொல்லிவிட்டு, ஒரு வகுப்புக்கு இரண்டு கருவிகளுக்கு மேல் போகாமல் கேட்கச் செய்யுங்கள். உங்கள் சுவர்ப்படத்தை இந்தக் கட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

ஐந்து கோட்டுக் குறியீடு மூன்றாம் பருவத்துக்கு. முதலில் ஒரே ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஒரு சுரம், கோட்டில் ஒரு சுரம், கீழ் ஒரு சுரம் என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். பிறகு மூன்று கோடு, பிறகு ஐந்து. விளையாட்டுத் திடலில் கோடுகளைக் கீறி, பிள்ளைகளே சுரமாக நின்றால், கோட்டிலும் இடைவெளியிலும் மாறி மாறி ஏறுவது காலுக்குப் பழகிவிடும். ஏற்கெனவே பாடத் தெரிந்த மெட்டைத் தவிர வேறு எதையும் முதலில் எழுதிக் காட்ட வேண்டாம். கேட்டிராத மெட்டைக் குறியீட்டிலிருந்து படிப்பது அடுத்த ஆண்டு வேலை.

பெற்றோரின் கேள்வி நியாயமானது. நேரான பதிலைச் சொல்லுங்கள். இசை படித்தால் வேலை கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். மற்றவரோடு சேர்ந்து காலத்தில் நிற்கவும், தன் ஒலியைக் குறைத்து அடுத்தவர் ஒலியைக் கேட்கவும் பிள்ளை பழகுகிறான் என்று சொல்லலாம்; பின்னக் கணக்கு தங்கூசியிலேயே கைக்கு வருகிறது என்று பலகையைக் கொண்டுபோய்க் காட்டலாம். ராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் ஆதரித்த இந்த மண்ணில் பிறந்த இசை மேதை பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) புகழ்பெற்ற பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு என்பதையும், 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதையும் அவர்கள் அறியட்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுக்குப் போகும் தந்தையர் கரையில் இருப்பார்கள், பள்ளியும் நடந்துகொண்டிருக்கும். அந்த நாட்களில் ஒரு மாலை, பிள்ளைகள் செய்த குழாய்களோடு அம்பாப் பாட்டைப் பாட, தந்தையரும் ஏலேலோ சொல்லும்படி ஒரு நிகழ்ச்சி வையுங்கள்.

கருவிப் பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் இடத்தில் அது முக்கியம். உப்புக் காற்றும் மணலும் கீபோர்டின் பொத்தான்களுக்குக் கீழே நுழைந்தால் தொடர்பு விட்டுப்போகும். ஜன்னல் ஓரத்தில் வைக்காமல், வகுப்பு முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையிட்டு அலமாரியில் வையுங்கள். விடுமுறைக்கு முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள். அன்பளித்தவர் மேலும் உதவ விரும்பினால், வயலின் கேட்பதற்கு முன் ரெக்கார்டர் குழல்களை ஆளுக்கொன்றாகக் கேளுங்கள். விலை குறைவு, பிளாஸ்டிக் என்பதால் உப்புக் காற்று அரிக்காது, கழுவலாம், குழாய்த் துண்டில் கற்றது அப்படியே அதற்குப் போகும். வயலினின் எஃகுத் தந்தி கடற்கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கும், தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் ஒட்டிய மரம் வெடித்துவிடும். கற்பிக்க ஆள் இல்லாமல் வாங்கி வைத்தால் இரண்டு கோடையில் அது வெறும் பலகையாகிவிடும். இசைப்பள்ளியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரு வயலின் ஆசிரியர் வாரம் ஒருமுறை வர ஒப்புக்கொண்ட பிறகு கேளுங்கள். அப்போதும் பெரியவர்களுக்கான முழு அளவு வேண்டாம். ஒன்பது, பத்து வயதுக்கு அரை அளவும் முக்கால் அளவும் பொருந்தும், பிள்ளையின் கைநீளத்தைப் பார்த்து ஆசிரியரே தேர்ந்துகொள்ளட்டும்.